வரிசையில் நிற்காத பெட்டி

கூகுளில் ‘750 வாட் மிக்ஸி’ என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்தின் தலையிலேயே படம், விலை, கடைப்பெயர் என்று சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு பட்டை வரும். விரலால் தள்ளத் தள்ள இன்னும் கட்டங்கள் வந்துகொண்டே இருக்கும். தேடல் முடிவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நீல எழுத்து இணைப்புகள் அதற்குக் கீழேதான். இந்தப் பட்டையை, அதாவது இந்தப் பெட்டியை, முன்வைத்து கூகுளுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்கும் இடையே 15 ஆண்டுகள் இழுபறி நடந்தது. முதல் புகார் 2009இல். ஆணையம் கூகுளுக்கு அபராதம் விதித்தது 2017 ஜூன் 27இல், சுமார் 242 கோடி யூரோ. கடைசித் தீர்ப்பு 2024 செப்டம்பர் 10இல்.

வழக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே ‘சொந்தக் கடையில் சொந்தச் சரக்கை முன்னால் வைத்தால் என்ன தப்பு?’ என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. கூகுள் ஒரு பெட்டியைக் காட்டியதற்காக மட்டும் அபராதம் விழுந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். உள்ளே நடந்தது வேறு. தேடுபொறி எல்லாத் தளங்களையும் ஓர் அளவுகோலால் அளந்து வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையை நம்பித்தான் நாமும் அங்கே போகிறோம். மற்ற விலை ஒப்பீட்டுத் தளங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டியிருந்தது, அளவுகோலால் வெட்டுப்படவும் வேண்டியிருந்தது. கூகுளின் சொந்த ஒப்பீட்டுச் சேவை மட்டும் அளக்கப்படாமலே முன்னால் போய் உட்கார்ந்தது. ரேஷன் கடை வரிசையில் எடை போடுகிறவரே தன் பையை முதலில் நிரப்பிக்கொள்வதோடு நிற்காமல், பக்கத்து வீட்டுக்காரரை வரிசையின் கடைசிக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? இரண்டும் சேர்ந்ததுதான் குற்றம்.

கதை 2002 டிசம்பரில் தொடங்குகிறது. அன்று அந்தச் சேவையின் பெயர் ஃப்ரூகிள். கடைக்காரர்கள் பணம் கட்டாமலே பொருள்களைப் பட்டியலிடலாம். ஆனால் சேவை எடுபடவில்லை. ‘ஃப்ரூகிள் வேலைக்கே ஆகவில்லை’ என்ற பொருளில் 2006ஆம் ஆண்டின் உள் ஆவணம் ஒன்றில் கூகுள் தரப்பே எழுதியிருந்ததை ஐரோப்பிய ஆணையம் பின்னாளில் எடுத்துக்காட்டியது. 2007இல் பெயர் கூகுள் புராடக்ட் சர்ச் ஆனது. 2012இல் கூகுள் ஷாப்பிங் ஆனது. அத்தோடு இலவசமும் போய், கட்டணம் கட்டினால்தான் இடம் என்ற நிலை வந்தது.

ஆணையத்தின் கணக்குப்படி, பெட்டி நுழைந்த திருப்பம் முதலில் வந்தது 2008 ஜனவரியில், ஜெர்மனியிலும் பிரிட்டனிலும். பிறகு 2010 அக்டோபரில் பிரான்ஸ், 2011 மே மாதத்தில் இத்தாலி, நெதர்லாந்து, ஸ்பெயின், 2013 பிப்ரவரியில் செக் குடியரசு, அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், நார்வே, போலந்து, சுவீடன். மொத்தம் 13 நாடுகள். ஒவ்வொன்றிலும் பெட்டி நுழைந்த தேதியிலிருந்துதான் குற்றக்காலம் எண்ணப்பட்டது. நாடுவாரியாகத் தேதி வேறுபட்டது வழக்கின் தரவுகளுக்கு வசதியாகவும் போயிற்று. ஒரே சேவை, ஒரே நிறுவனம். பெட்டி வந்த நாட்டில் வருகை ஏறுகிறது, வராத நாட்டில் ஏறவில்லை என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

மற்றவர்கள் எப்படிக் கீழே போனார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். யாரோ ஒரு பொத்தானை அழுத்தி இன்ன தளத்தை இறக்கு என்று சொன்னதாக நினைத்தால் விஷயம் பிடிபடாது. விலை ஒப்பீட்டுத் தளம் ஒன்றின் பக்கத்தைத் திறந்தால் என்ன இருக்கும்? பிற கடைகளின் பொருட்பெயர்கள், கடைகள் தந்த அதே விவரணை, அதே படம், கடைக்குப் போகும் இணைப்புகள். சொந்தமாக எழுதிய வரிகள் குறைவு. நகல் உள்ளடக்கத்தையும் சத்தில்லாத பக்கங்களையும் கீழே தள்ளும் அல்காரிதம்களுக்கு இப்படிப்பட்ட பக்கம் சுலபமான இரை. 2011இல் வந்த கூகுளின் பாண்டா அல்காரிதம் அந்த வகை. குப்பைத் தளங்களை ஒழிக்க அப்படி ஒரு விதி தேவைதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூகுளின் சொந்த ஒப்பீட்டுப் பக்கங்களும் இதே இயல்பு கொண்டவை. கடைகள் தந்த பட்டியல், கடைகள் தந்த படம். அதே விதியை அவற்றின் மீதும் ஓட்டியிருந்தால் அவையும் விழுந்திருக்கும். ஓட்டவில்லை.

விழுந்தால் எவ்வளவு தூரம்? ஆணையம் 170 கோடி தேடல் கேள்விகளின் முடிவுகளை, சுமார் 5.2 டெராபைட் தரவை, அலசியது. போட்டித் தளங்களில் மிக மேலே வந்த தளம்கூடச் சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் தென்பட்டது. நான்காம் பக்கம் என்றால் என்ன என்பதற்கும் அதே கோப்பில் எண்கள் இருக்கின்றன. கணினித் திரையில் முதல் பக்கத்தின் பத்து முடிவுகளுக்குச் சுமார் 95 சதவீதம் க்ளிக் போகிறது. அதில் முதல் முடிவுக்கு மட்டுமே ஏறத்தாழ 35 சதவீதம். இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது சுமார் 1 சதவீதம். நான்காம் பக்கத்துக்குக் கணக்கே வேண்டாம்.

‘முதலில் இருப்பது நல்ல பக்கம், அதனால்தான் க்ளிக் அதிகம்’ என்று எதிர்வாதம் வரும் அல்லவா? அதற்கும் சோதனை இருந்தது. முதல் இடத்தில் இருந்த அதே முடிவை மூன்றாம் இடத்துக்கு மாற்றி வைத்தபோது க்ளிக் பாதியாகக் குறைந்தது. பக்கம் அதே, தரம் அதே, மாறியது இடம் மட்டும். இந்த வழக்கில் ஒரே ஒரு எண்ணை நினைவில் வைக்க வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

விளைவு இரண்டு பக்கமும் தெரிந்தது. குற்றக்காலம் தொடங்கியதிலிருந்து கூகுள் ஒப்பீட்டுச் சேவைக்குப் போன வருகை பிரிட்டனில் 45 மடங்கும் ஜெர்மனியில் 35 மடங்கும் பிரான்ஸில் 19 மடங்கும் ஏறியது. தரவரிசையில் தள்ளப்பட்ட சில போட்டித் தளங்களுக்குத் திடீர் வீழ்ச்சி: பிரிட்டனில் 85 சதவீதம், ஜெர்மனியில் 92 சதவீதம் வரை, பிரான்ஸில் 80 சதவீதம்.

இப்படி விழுந்த தளம் எழுந்திருப்பது கடினம். காரணம் அதன் வருமான அமைப்பு. வாசகர் காசு கொடுப்பதில்லை. தளத்திலிருந்து கடைக்குப் போகும் ஒவ்வொரு க்ளிக்குக்கும் கடைக்காரர் சில சென்ட் கொடுப்பார். வருகை குறைந்தால் கடைக்காரருக்கு அந்தத் தளத்துக்குப் பட்டியல் அனுப்பிப் பராமரிக்கும் வேலை கட்டுப்படியாகாது, விலகிவிடுவார். கடைகள் குறைந்தால் ஒப்பிட விலைகள் குறையும். ஒப்பிட ஒன்றும் இல்லாத ஒப்பீட்டுப் பக்கம் நிஜமாகவே தரம் குறைந்த பக்கம் ஆகிவிடுகிறது. முதலில் தரம் இல்லை என்று சொல்லி இறக்கினார்கள், இறக்கியதாலேயே தரம் போயிற்று.

அமேசானும் ஈபேயும்தான் உண்மையான போட்டி, சின்ன ஒப்பீட்டுத் தளங்களைப் பற்றி ஏன் கவலை என்பது கூகுள் தரப்பின் முக்கிய வாதங்களில் ஒன்று. ஆணையம் ஏற்கவில்லை. அமேசானில் பொருளை அங்கேயே வாங்கி முடிக்கிறோம். ஒப்பீட்டுத் தளம் விற்பதில்லை, யாரிடம் என்ன விலை என்று காட்டி அனுப்பி வைக்கிறது. அமேசான் மாதிரியான சந்தைகளே ஒப்பீட்டுத் தளங்களுக்கு வாடிக்கையாளர்கள்.

ஆணையம் 90 நாள் கெடு கொடுத்தது. மீறினால் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் உலகளாவிய சராசரி தினசரி விற்றுமுதலில் 5 சதவீதம் வரை நாள்தோறும் தண்டம். தீர்வை எப்படி வடிவமைப்பது என்பதை கூகுளிடமே விட்டது. 2017 செப்டம்பர் இறுதியில் ஒரு தீர்வு வந்தது. கூகுள் ஷாப்பிங்கைத் தனிக் கணக்குள்ள பிரிவாக்கி, பெட்டியில் உள்ள இடங்களை ஏலத்துக்கு விட்டார்கள். எந்த ஒப்பீட்டுச் சேவையும் கடைக்காரர்களின் பொருள்களை எடுத்துக்கொண்டு ஏலம் கேட்கலாம். ஜெயித்தால் கட்டத்தின் அடியில் அந்தச் சேவையின் பெயர் சிறிய எழுத்தில் வரும்.

கேட்க நியாயமாக இருக்கிறது. என் கருத்தில் இந்த ஏற்பாடு நோயை விட்டுவிட்டு ரசீது போட்டுக் கொடுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ஒரு க்ளிக்குக்குக் கடைக்காரர் ஒப்பீட்டுச் சேவைக்கு 30 சென்ட் தருகிறார். அந்தச் சேவை ஏலத்தில் 15 சென்ட் கேட்டால், 25 கேட்கிறவர் தட்டிக்கொண்டு போவார். 28 கேட்டால் இடம் கிடைக்கலாம், மிஞ்சுவது 2 சென்ட். அதில்தான் ஊழியர் சம்பளமும் சர்வர் செலவும். ஏலம் சூடாக ஆக, போட்டியாளரின் லாபம் முழுவதும் ஏலம் நடத்துகிறவருக்கே போய்ச் சேரும். கூகுளின் சொந்தப் பிரிவும் இதே ஏலத்தில் கேட்கிறது, தனிக் கணக்கும் வைத்திருக்கிறது. ஆனால் அது கொடுக்கும் காசு போய்ச் சேருமிடம் அதே தாய் நிறுவனம். சட்டைப் பையிலிருந்து கால்சட்டைப் பைக்கு மாறுகிறது.

இன்னொன்று இதைவிட முக்கியம். அந்தக் கட்டத்தைத் தொட்டால் கடையின் பக்கம் நேராகத் திறக்கிறது. ஒப்பீட்டுத் தளத்துக்கு வாசகர் வரவே இல்லை. பத்துக் கடை விலைகளை அருகருகே வைத்துக் காட்டுவதுதான் அந்தத் தளத்தின் தொழில், அதைக் காட்ட வாய்ப்பே இல்லை. இப்படி ஒப்பீட்டாளர் விளம்பர முகவராக மாறிப்போனார். ஏலத்தில் ஜெயித்தாலும் கீழே நீல இணைப்புகளில் அவருடைய இடம் ஓர் அங்குலம்கூட நகராது. விளம்பரமும் தரவரிசையும் வேறு வேறு அமைப்புகள்.

இதனால் கடைக்காரர்களுக்கு ஒரு பக்கப் பலன் கிடைத்தது. பாரிஸ், லண்டன், சூரிச் என்று ஐரோப்பாவில் மளிகையோ புடவையோ இணையத்தில் விற்கும் தமிழர்கள் கவனிக்கலாம். கூகுள் ஷாப்பிங் பிரிவு வழியாக விளம்பரம் செய்தால், லாபத்தோடு இயங்க வேண்டிய அந்தப் பிரிவு உங்கள் ஏலத் தொகையில் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மீதியைத்தான் ஏலத்தில் வைக்கும். அந்தப் பங்கு 20 சதவீதம் வரை என்று தொழிலில் பேச்சு. வேறொரு ஒப்பீட்டுச் சேவை வழியாகப் போனால் கழிவு அந்தச் சேவையின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சில சேவைகள் மாதக் கட்டணம் மட்டும் வாங்கும். மாறுவதற்கு முன் கேட்க வேண்டியவை: கழிவு எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, பொருட்பட்டியலை ஏற்றும் கூகுள் மெர்ச்சென்ட் சென்டர் கணக்கின் பொறுப்பு யாரிடம் இருக்கும், விலகினால் கணக்கு உங்களிடம் திரும்புமா.

எந்தச் சேவை வழியாகப் போனாலும் பெட்டிக்குள் நுழைவது ஃபீட் எனப்படும் பொருட்பட்டியல் வழியாகத்தான். தேடல் விளம்பரம் போல இதில் குறிச்சொல் தேர்ந்தெடுக்க முடியாது. எந்தக் கேள்விக்கு உங்கள் பொருளைக் காட்டுவது என்பதை கூகுள் ஃபீட்டைப் படித்தே முடிவு செய்கிறது. அதனால் தலைப்புதான் உயிர். 150 எழுத்து வரை இடம் உண்டு, திரையில் தெரிவது முதல் பாதி மட்டுமே. பிராண்டு, பொருள் வகை, மாடல், அளவு என்று முக்கியமானதை முன்னால் வையுங்கள். ‘சிறப்புத் தள்ளுபடி’ என்று தொடங்கும் தலைப்பு நிராகரிக்கப்படலாம்.

அடுத்த தடை பார்கோடு எண். எக்செலில் ஒட்டும்போது முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும், நீள எண் அறிவியல் குறியீடாகவும் மாறிவிடும். அந்த நெடுவரிசையை முதலிலேயே ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒட்டினால் தப்பலாம். எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். கற்பனையாக ஓர் எண்ணைப் போட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். கையால் செய்த பொருளுக்கு பார்கோடு கிடையாது என்றால் அடையாள எண் இல்லை என்று அதற்கான கட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

அதிகம் பேர் அடிபடுவது விலையில். ஃபீட்டில் உள்ள விலையையும் உங்கள் பக்கத்தில் உள்ள விலையையும் கூகுளின் தானியங்கி ஒப்பிட்டுப் பார்க்கும். ஐரோப்பாவில் வாட் வரி சேர்த்த விலை வேண்டும். பார்வையாளரின் நாட்டைப் பார்த்து நாணயத்தை மாற்றும் செருகுநிரல் இருந்தால் தானியங்கிக்கு வேறு விலை தெரியும், பொருள் முடக்கப்படும். நள்ளிரவில் தள்ளுபடி தொடங்கி, ஃபீட் காலையில்தான் புதுப்பிக்கப்பட்டால் அதே கதி. ஃபீட்டைத் தொடாமல் 30 நாள் விட்டால் பொருள்கள் காலாவதியாகிவிடும். 2020 முதல் ஷாப்பிங் தாவலில் இலவசப் பட்டியலும் உண்டு, அதற்கும் இதே ஃபீட் போதும்.

பெட்டி எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதை யாரும் வீட்டிலிருந்தே அளக்கலாம். கணக்கிலிருந்து வெளியேறி, மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, விளம்பரத் தடுப்பானை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் பெட்டியே தெரியாமல் போய் ‘ஒன்றும் இல்லையே’ என்று தப்பாக முடிவு செய்வீர்கள். இருபது கேள்விகள் எழுதிக்கொள்ளுங்கள்: சில பொதுப்பெயர்கள், சில துல்லியமான மாடல் எண்கள், சில ‘எது நல்லது’ வகைக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் முழுப்பக்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நான்கு விஷயங்களைக் குறியுங்கள். முதல் நீல இணைப்பு வர எத்தனை திரை உருட்ட வேண்டியிருந்தது, பெட்டிக்கு விளம்பரம் என்ற முத்திரை இருக்கிறதா, கட்டத்தைத் தொட்டால் கடைக்குப் போகிறதா கூகுளின் இன்னொரு பக்கத்துக்குப் போகிறதா, முதல் விலை ஒப்பீட்டுத் தளம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது. அதே கேள்விகளை பிங்கிலும் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் முடிவை நம்ப வேண்டாம், பெட்டி நேரத்துக்கு நேரம் மாறும். ஒரே வாரத்தில் மூன்று முறையாவது எடுங்கள். ஜெர்மனியில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தேடல் அமைப்பில் நாட்டை மாற்றினால் மட்டும் போதாது. விளம்பரம் உங்கள் இணைய இணைப்பு இருக்கும் நாட்டைப் பார்த்தே வருவதால் ஜெர்மன் முடிவுகளும் இந்திய விளம்பரமும் கலந்து கிடைக்கும்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு வழக்கு உண்டு, அதில் சென்னைக்குப் பங்கு உண்டு. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை நிறுவனமான மேட்ரிமோனி.காம் 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் தனியே கொடுத்தது. 2018 பிப்ரவரி 8இல் ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த உத்தரவில் ஒரு விவரம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2010க்கு முன்பு கூகுளின் சிறப்பு முடிவுகள் 1, 4, 10 ஆகிய இடங்களில் மட்டுமே வரும்படி முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருந்தன. பொருத்தத்தைப் பார்த்து இடம் தரவில்லை, இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். உத்தரவின் இன்னொரு பகுதி விமானப் பயணப் பெட்டி பற்றியது. பெட்டியின் அடியில் உள்ள தேடல் இணைப்பு கூகுளின் சொந்த விமானப் பக்கத்துக்குத்தான் போகிறது, மற்ற சேவைகளின் முடிவுகளுக்கு அல்ல என்று தெளிவாக எழுதச் சொன்னது.

அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தேடல் பாரபட்ச விசாரணையை 2013 ஜனவரியில் நடவடிக்கை இல்லாமல் மூடிவிட்டது.

ஐரோப்பிய நீதிமன்றங்கள் கூகுளின் மேல்முறையீட்டை இரண்டு முறை கேட்டன. பொது நீதிமன்றம் 2021 நவம்பர் 10இல் முடிவின் பெரும்பகுதியையும் முழு அபராதத்தையும் உறுதி செய்தது. பொதுத் தேடல் சந்தையிலும் பாதிப்பு ஏற்பட்டது என்ற ஒரு பகுதியை மட்டும் ஆதாரம் போதாது என்று நீக்கியது. எல்லாத் தளங்களுக்கும் திறந்திருப்பதுதான் தேடுபொறியின் மதிப்பு, அப்படிப்பட்ட ஒன்று தன் முடிவை மட்டும் முன்னிறுத்துவது இயல்புக்கு மாறானது என்ற தர்க்கம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2024இல் அதற்கு மேலான ஐரோப்பிய நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் ஆதிக்கத்தில் உள்ள நிறுவனம் தன் பொருளைச் சாதகமாக நடத்தினாலே அது குற்றமாகிவிடாது, சூழ்நிலையைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அதே 2024 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் 6(5) பிரிவு, வாயிற்காவலர் என்று அறிவிக்கப்பட்ட பெரிய இணைய நிறுவனங்கள் தரவரிசையில் தம் சேவைகளைச் சாதகமாக நடத்துவதை நேரடியாகவே தடை செய்கிறது. பாதிப்பை ஆண்டுக்கணக்கில் நிரூபிக்க வேண்டிய சுமை அதில் இல்லை. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் கூகுள் இதை மீறுவதாக முதற்கட்ட முடிவைத் தெரிவித்தது.

அபராதப் பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரவுசெலவுக் கணக்குக்குப் போகும், விழுந்த தளங்களுக்கு அல்ல. அவை தனியாக இழப்பீட்டு வழக்குப் போட வேண்டும். 2025 நவம்பரில் பெர்லின் நீதிமன்றம் ஜெர்மன் ஒப்பீட்டுத் தளமான இடியாலோவுக்கு 46.5 கோடி யூரோ வழங்க உத்தரவிட்டது. புகாரைத் தொடங்கி வைத்த பிரிட்டிஷ் தளம் ஃபவுண்டம். ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் என்ற தம்பதி நடத்தியது. 2006 ஜூனில் தளம் வந்த வேகத்திலேயே கூகுள் தரவரிசையில் சரிந்தது. 2009இல் பிரஸ்ஸல்ஸில் புகார் கொடுத்தார்கள், 2017இல் கூகுளுக்கு அபராதம் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஃபவுண்டம் மூடப்பட்டுவிட்டது.